கள்ளுக்கடையும் தொண்டர் படையும்

கெடா மாநிலம் 1909-இல் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது. அதன் பின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் பெருகின. மேற்பார்வையாளர்களான கங்காணிமார் தமிழ்நாட்டில் தங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் திரட்டிக் கப்பலேற்றினார்கள். அதனால் லயம் எனும் தொழிலாளர் வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்காரர் பெரும்பாலும் உறவினர், இல்லையென்றால் ஊர்க்காரர். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். ஒரு வீட்டில் பேசியது நாலு வீட்டுக்குக் கேட்கும். கள் நல்லதா கெட்டதா என்பதைத் தனியாக உட்கார்ந்து முடிவுசெய்ய அங்கே இடம் இருக்கவில்லை.

தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடிவது இனிப்பான சாறு. சில மணி நேரத்தில் அது புளித்துக் கள்ளாகிவிடும். மறுநாளைக்கு வைத்தால் காடியாகும். அன்றன்றே குடித்துத் தீர்க்க வேண்டிய பானம் என்பதால் அது கூட்டமாகக் குடிக்கும் பானமாயிற்று. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால் வெட்டி, மதியத்துக்குப் பின் ஓய்ந்தவருக்கு, போய் உட்காரத் தோட்டத்திலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. போகாதவன்தான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

கள் உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்துக்கு மேலிடத்து ஆதரவும் உண்டு. அதில் சத்து இருக்கிறது, கடையை மூடினால் கள்ளச் சாராயமான சம்சுவைத் தேடிப் போவார்கள் என்று தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் வாதிட்டார்கள். இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் வம்பு. கடை லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நலநிதிக்குப் போன இடங்களில், கள்ளை எதிர்ப்பது பொதுக் காரியத்தையே எதிர்ப்பதுபோல் ஆயிற்று.

மாற்றுக் கருத்து கடல் தாண்டி வந்தது. பெரியார் 1929-இன் இறுதியில் மலாயா வந்து சுயமரியாதை பேசினார். தமிழ் நேசன் இதழும், 1935-இல் சிங்கப்பூரில் சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இதழும் தோட்டங்களுக்கு வந்தன. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, சுற்றிலும் பலர் கேட்டார்கள். காந்தியின் மதுவிலக்கும், 1937-இல் ராஜாஜி சேலத்தில் கடைகளை மூடியதும் இப்படித்தான் லயத்துக்குள் நுழைந்தன. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தது கவனிக்கத்தக்கது: குடி அதற்குள் மானப் பிரச்சினையாகிவிட்டது.

அடுத்து ஜப்பானியர் காலம். அவர்கள் போட வைத்த சயாம் ரயில் பாதையில் தோட்டத் தொழிலாளர் ஏராளமானோர் மாண்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்கள் அணிவகுப்பும் கட்டுப்பாடும் பழகித் திரும்பினார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகப் போருக்குப் பின் பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் குடியை எதிர்க்கும் தொண்டர் படை உருவாயிற்று. விரைவில் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. சம்பள நாளில் வெறுங்கையோடு வரும் கணவனைப் பார்த்துச் சலித்த பெண்களின் ஆதரவு அதற்கு இருந்தது.

படையினர் பேச்சோடு மட்டும் நிற்கவில்லை. கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்தவரைப் பலர் அறியத் தண்டித்தார்கள். நேற்று குடிக்காதவனைக் கேலி செய்த அதே லயம் இன்று குடித்தவனை ஒதுக்கியது. எத்தனை பேர் மனம் மாறினார்கள், எத்தனை பேர் பயந்து குடியை விட்டார்கள் என்று பிரிப்பது கடினம். பயத்தில் விட்டவரும் நாளடைவில் அதையே தம் கொள்கையாகச் சொல்லியிருக்கக்கூடும்.

அரசு இதைக் குடி ஒழிப்பாகப் பார்க்கவில்லை, தனக்குப் போட்டியான அதிகாரமாகப் பார்த்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசோடு மோதல் நடந்தது. ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் தொழிலாளி ஒருவர் இறந்தார். கைதுகள் தொடர்ந்தன, படை ஒடுக்கப்பட்டது. 1948 ஜூனில் வந்த அவசரகாலம், எஞ்சியிருந்த தோட்டத் தொழிலாளர் அமைப்புகளில் பலவற்றையும் கலைத்தது.

கள்ளுக்கடைகள் மலாயா விடுதலை பெற்ற பின்னும் தோட்டங்களில் நீடித்தன. துரைமார் அன்று பூச்சாண்டி காட்டிய சம்சு பிற்காலத்தில் உண்மையிலேயே தோட்டங்களில் பெருகியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது.