பெயர் அட்டையின் வரலாறு

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழா முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், நம் காலனி இளைஞர் ஒருவர் என் அருகில் வந்து, "அண்ணாச்சி, புதிதாகக் கார்டு அடித்திருக்கிறேன், பாருங்கள்" என்று ஓர் அட்டையை நீட்டினார். வீடுகளுக்கு மின்கம்பி இணைக்கும் வேலையை முறையாகக் கற்று, தனியே தொழில் தொடங்கியவர் அவர். அட்டை பளபளவென்று இருந்தது. பெயருக்குக் கீழே 'மேலாண்மை இயக்குநர்' என்று பொன்னிற எழுத்தில் பொறித்திருந்தது. பயணச்சீட்டு வழங்கும் எழுத்தனுக்கு எண்ணைக் கண்டால் சரிபார்க்காமல் இருக்க இயலாது. கைபேசி எண்ணை எண்ணினேன். பத்து இலக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதே இருந்தன!

அதற்குள் நூறு அட்டைகளுக்கு மேல் கொடுத்தாயிற்று. மூன்று வாரமாக ஒருவரும் மகனை வேலைக்கு அழைக்கவில்லையே என்று அவருடைய தாயார் வருந்தியதன் காரணம் அப்பொழுதுதான் விளங்கிற்று. இவ்வளவு சிறிய அட்டைக்கு இவ்வளவு பெரிய ஆற்றலா என்று எண்ணினேன். அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் சிலவற்றை மலரைப் படிக்கும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முன்னோர் வழக்கம்

நம்மவர் பெரியோரைக் காணச் செல்லுங்கால் வெறுங்கையோடு செல்வதில்லை. ஓர் எலுமிச்சம்பழமேனும் கையில் இருக்கும். சென்ற வீட்டில் முதலில் எழும் வினாக்கள், "எந்த ஊர்? யார் மகன்?" என்பவையே. ஆக, பெயர், ஊர், தொழில் ஆகிய மூன்றும் அறிந்த பின்னரே உரையாடல் தொடங்கும். அரசர்களும் இதற்கு விலக்கல்லர். இராசராச சோழன் (985–1014) காலம் தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி அமைந்திருக்கிறது. ஆணை இன்னதென்று சொல்வதற்கு முன், ஆணையிடுபவர் இன்னார் என்று சொல்லும் முறை அது.

சீன நாட்டில் இவ்வழக்கம் மரச்சீட்டு வடிவம் கொண்டது. கி.பி. 249இல் மறைந்த சூ ரான் என்னும் படைத்தலைவரின் கல்லறை 1984இல் அகழப்பட்டபோது, அவருடைய பெயரும் ஊரும் வணக்கமும் எழுதிய மரச்சீட்டுகள் கிடைத்தன. காண வந்தவர் வாயிலில் கொடுத்தனுப்பும் சீட்டுகள் அவை. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பேர்பெற்ற படைத்தலைவரும் தம் ஊரைச் சேர்த்தே தம்மை அறிவித்துக்கொண்டார் என்பது எண்ணத்தக்கது.

மேனாட்டில் வளர்ந்த கதை

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இலண்டன் வணிகர்கள் அச்சிட்ட அட்டைகளை வழங்கலாயினர். அக்காலத்தில் அந்நகர்க் கடைகளுக்குக் கதவெண் கிடையாது. "இன்ன சின்னம் தொங்கும் கடை, இன்ன கோயிலுக்கு எதிரே" என்று வழி சொல்லும் பொருட்டே அவ்வட்டைகள் பிறந்தன. அழகு பின்னர் வந்தது, வழிகாட்டுதலே முதற்பயன்.

ஆங்கிலேயர் இவ்வழக்கத்தை நம் நாட்டுக்கும் கொணர்ந்தனர். சென்னை போன்ற நகரங்களுக்குப் புதிதாக வரும் ஆங்கில அதிகாரி தாமே முதலில் பங்களா தோறும் சென்று தம் அட்டையை இட்டு வர வேண்டும். அதற்கென்றே வாயிலில் ஒரு பெட்டி தொங்கும். அப்பெட்டியில் 'வீட்டில் இல்லை' என்று எழுதியிருக்கும். வீட்டார் உள்ளேதான் இருப்பர்! எலுமிச்சம்பழத்தோடு சென்றவனை "வா, உட்கார்" என்று திண்ணையில் அமர்த்திய நம் முன்னோர்க்கு இவ்வழக்கம் வியப்பாகவே இருந்திருக்கும்.

இரயில்வே அட்டை

என் துறையிலும் ஓர் அட்டை உண்டு. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போய், மில்ட்டன் என்னும் சிறு நிலையத்தில் நிலைய அதிகாரியாக அமர்ந்தார். ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதுவதில் காலமும் கணக்கும் வீணாவதைக் கண்டு, 1830களின் பிற்பகுதியில், வரிசை எண் அச்சிட்ட கெட்டி அட்டையை அவர் ஏற்படுத்தினார். நீளம் இரண்டேகால் அங்குலம். அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், எண் ஆகியவையன்றி வேறொன்றும் அதில் இராது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் உலகமெங்கும் அது வழங்கிற்று. கணிப்பொறிச் சீட்டு வந்தபின் மறைந்தது. நான் பணியில் சேர்ந்த நாளில் சிறு நிலையங்களில் அதனைக் கையாண்டிருக்கிறேன். வேண்டியதை மட்டும் பிழையின்றிச் சொல்வதே அட்டையின் இலக்கணம் என்பதை அதனிடமே கற்றேன்.

நம் பகுதியில் அச்சு

அச்சுத் தொழிலுக்கு நம் பகுதி புதியதன்று. இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சான தமிழ் நூல் 'தம்பிரான் வணக்கம்'. அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்த்த அந்நூல் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பின்னர், 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகர்கோவிலில் சார்லசு மீடு பாதிரியாரும், 1821இல் கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லி பாதிரியாரும் அச்சுக்கூடம் நிறுவினர். காலப்போக்கில் சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் காலால் மிதித்து ஓட்டும் அச்சுப்பொறிகள் வந்தன. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மெய்ப்பு எடுத்து, வாடிக்கையாளர் படித்துக் கையெழுத்திட்ட பின்னரே அட்டை அச்சாகும். தீப்பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் தேவையிலிருந்து வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில் இன்று வண்ண அட்டைகளை ஆயிரக்கணக்கில் அடித்துத் தருகிறது. விரைவு கூடிற்று, மெய்ப்புப் படிக்கும் பொறுமைதான் குறைந்துவிட்டது.

ஒரு வாசற்படி, ஐந்து அட்டைகள்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் 1948இல் அட்டை அச்சிட்ட ஒரு வணிகரைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் முகவரியில் 'திருவிதாங்கூர்' என்றிருக்கும். 1949 சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அட்டையை மாற்ற வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மீண்டும் புது அட்டை. 1972 ஆகத்து 15 முதல் அஞ்சல் குறியீட்டு எண் வழக்குக்கு வந்தது. 1991இல் 'டிரிவாண்டிரம்' என்னும் ஆங்கில வழக்கு நீங்கித் திருவனந்தபுரம் என்பதே நிலைத்தது. கடை நகரவில்லை, வாசற்படியும் மாறவில்லை, அட்டைகளோ ஐந்து!

இன்றும் பாறசாலை அட்டையில் அஞ்சல் எண் 695 என்று தொடங்கும்; அடுத்துள்ள களியக்காவிளை அட்டையில் 629 என்று தொடங்கும். தொலைபேசிக்கும் இங்கே 0471, அங்கே 04651. நடந்தே கடக்கும் தொலைவில் இத்தனை வேறுபாடு. எல்லையோரத்தில் வாழும் நாம் முகவரியை எழுதும்போது மற்றவரைவிட இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

செங்கல் என்னும் பெயர்

நம் செங்கல்லின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்க் காதுக்கு அது சூளையில் சுட்ட கல். மலையாளத்தாருக்கு அது பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் சிவந்த வெட்டுகல். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி, இரு பொருள்களைக் காண்கின்றனர். இதில் ஒரு நயமும் உண்டு. பிரான்சிசு புக்கானன் என்னும் அறிஞர் மலபாரின் அங்காடிப்புறத்தில் அந்த வெட்டுகல்லைக் கண்டு ஆராய்ந்து, 1807இல் வெளியிட்ட நூலில் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் சூட்டினார். இலத்தீன் மொழியில் 'லேட்டர்' என்றால் சுட்ட செங்கல்! சுற்றி வந்து இரு பொருளும் ஒன்றாகிவிட்டன.

ஆகவே அட்டையின் ஒரு பக்கம் மலையாளமும் ஆங்கிலமும் இருக்கட்டும். நம் பிழைப்பு அம்மொழிகளில் நடக்கிறது. மறுபக்கம் பெயரும் ஊரும் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது பிறர் வாயில் படாத பாடுபடும் நம் ழகரம், தமிழிலும் மலையாளத்திலும் நலமாகவே இருக்கிறது.

மெய்யான அறிமுகம்

இனி, பட்டங்களைப் பற்றி ஒரு சொல். சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் கணிதமேதை இராமானுசன். அதற்கு முன் கணக்குக் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார். திருக்கோவலூரில் துணைக் கலெக்டராயிருந்த இராமசாமி ஐயர் அவற்றின் அருமையை உணர்ந்து அறிமுகக் கடிதங்கள் தந்தார். 1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு இராமானுசன் மடல் எழுதியபோது, தம்மைப் பேரறிஞர் என்று கூறிக்கொள்ளவில்லை. கணக்குப் பிரிவில் எழுத்தர், ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம் என்றே தொடங்கினார். ஆர்டியின் உள்ளத்தைக் கவர்ந்தது பின்னால் இணைத்திருந்த கணக்கு. மெய்யான அறிமுகமே போதும். மிகுதியைச் செய்யும் தொழில் பேசும்.

கையாளும் முறை

அட்டை மூன்றரை அங்குலத்துக்கு இரண்டங்குலம் இருந்தால் சட்டைப்பையிலும் பணப்பையிலும் அடங்கும். தாள் மடங்காத கனமுடையதாகவும், எழுத்து முதியவரும் படிக்கத்தக்க அளவினதாகவும் இருத்தல் நன்று. மூங்கிற்காடு போல் எழுத்தை நெருக்குதல் கூடாது. அச்சுக்குக் கொடுக்குமுன் எண்ணை இருவர் உரக்கப் படித்து ஒப்பிட வேண்டும். கசங்கிய அட்டையையும், பேனாவால் திருத்திய அட்டையையும் கொடுக்கலாகாது. வலக்கையால், பெறுபவர் படிக்கும் திசையில் கொடுக்க வேண்டும். சப்பானியர் இரு கைகளாலும் கொடுப்பர். வாங்கியவர் நின்று படித்த பின்னரே எடுத்து வைப்பார். பிறர் அட்டையைப் படியாமலே பின்பையில் செருகுவது, வணக்கம் சொன்னவரை நோக்காமல் போவதை ஒக்கும்.

நிற்க. நம் இளைஞரின் கதைக்கு வருவோம். மறுநாளே இருவரும் அமர்ந்து புது அட்டை எழுதினோம். பெயர், 'வீட்டு மின்கம்பி வேலை', செங்கல், எண் ஆகியவை மட்டுமே. எண்ணை அவருடைய தாயார் உரக்கப் படிக்க, நான் ஒப்பிட்டேன். பின்பு அவர் பழைய அட்டை கொடுத்த வீடுகளை நினைவுகூர்ந்து, மாலைதோறும் ஒவ்வொன்றாக ஏறி, "முன்னே தந்ததில் எண் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் புதியதைக் கொடுத்தார். முதல் வாரத்திலேயே இரு வீட்டார் அழைத்தனர். அவர்களுள் ஒருவர், "பிழையைத் தானே வந்து சொல்பவன் கம்பியையும் ஒழுங்காகப் பூட்டுவான்" என்றாராம்.

அட்டையின் வரலாறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. நம் காலனிப் பிள்ளைகள் செல்லும் வாயில்தோறும் அவர்தம் மெய்ப்பெயர் முன்னே செல்க! நம் சங்கம் நீடு வாழ்க!