ஆண்டும் திசையும்: போப்பம் வரைபடத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்கள்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் தெருக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஹோம் ரிக்ஸ் போப்பம் பெயரில் உள்ள அந்த வரைபடத்துக்கு ஆய்வுலகில் ‘1798 வரைபடம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. வடகிழக்கு முனையில் கோட்டை, வடக்கே லைட் தெரு, கிழக்கே கடலை ஒட்டிக் கடற்கரைத் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே மலபார் தெரு என்று நான்கு எல்லைகளுக்குள் நகரம் கட்டம் கட்டமாக அடங்கியிருக்கிறது. ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786 ஜூலையில் இறங்கிய காட்டுமுனை பன்னிரண்டே ஆண்டுகளில் இப்படி நகரமாகிவிட்டது என்பதற்கு இந்தப் படமே சான்றாகக் காட்டப்படுகிறது.

இந்த வாசிப்பு இரண்டு இடங்களில் தளர்கிறது என்பது என் வாதம். ஒன்று, படத்தின் ஆண்டு. மற்றொன்று, தெருக்களின் திசை.

ஆண்டை முதலில் பார்ப்போம். போப்பம் பினாங்குக்கு வந்தது கடற்படைப் பணியாக அன்று. படையிலிருந்து விடுப்பு எடுத்து, எட்ருஸ்கோ என்ற கப்பலில் வேற்று நாட்டுக் கொடியின் கீழ்ச் சொந்த வணிகம் செய்துகொண்டிருந்தார். 1791-ல் சீனப் பயணத்தின் நடுவே வானிலை கெட்டு, பினாங்கில் ஒதுங்க நேர்ந்தது. கப்பலைச் செப்பனிட்ட நாட்களில் தீவை அளந்தார். தீவுக்குத் தெற்கே பெரிய கப்பல்கள் செல்லக்கூடிய கால்வாய் ஒன்றைக் கண்டறிந்தார். மறு ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கூட்டத்தை அந்த வழியாகவே நடத்திச் சென்று, தங்கக் கிண்ணமும் பரிசாகப் பெற்றார். பரிசு தந்த அதே கம்பெனியின் ஏகபோகத்தை மீறியதாகச் சொல்லி 1793-ல் இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்தில் அவர் கப்பல் பறிமுதல் செய்யப்பட்டது. அதற்குப் பின் அவர் வாழ்க்கை ஐரோப்பியப் போர்களோடு ஓடியது. 1798 மே மாதத்தில் அதே ஆஸ்டெண்டின் மீது நடந்த படையெடுப்பில், பிரூஜ் கால்வாயின் மதகுகளைத் தகர்க்கும் வேலைக்குக் கடற்படைத் தலைமை ஏற்றிருந்தார்.

ஆகவே 1798-ல் மலபார் தெருவில் சங்கிலி பிடித்து அளந்த போப்பம் என்று ஒருவர் இருந்திருக்க முடியாது. படத்தின் அடிப்படை 1790-களின் தொடக்கத்தில் எடுத்த அளவீடு. அதன்மேல் பின்னாளில் பினாங்கிலிருந்து கப்பலில் போன ஓலைகளையும் வரைவுகளையும் கொண்டு சில கோடுகள் சேர்க்கப்பட்டிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படியானால் அது ஒரே நாளில் எடுத்த நிழற்படம் போன்றதாகாது. பல ஆண்டுகளின் செய்திகள் ஒரே தாளில் வந்து படிந்த படம் அது. 1794 அக்டோபரில் லைட் இறந்தார் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு சிறியதன்று. படத்தில் உள்ள ஒரு தெரு லைட் காலத்ததா, அவருக்குப் பின் வந்த மெக்டொனால்டு காலத்ததா என்ற கேள்விக்கு ‘1798’ என்ற ஒற்றை எண் விடை தராது.

இன்னொன்று. போப்பம் 1799-ல் லண்டனில் பினாங்கைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். தீவைக் கடற்படைத் தளமாக்கினால் கிடைக்கும் நன்மைகள் என்பதே அதன் பொருள். நூலின் தலைப்பே அதைச் சொல்கிறது. படத்தை அந்த நூலின் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நூல் விண்ணப்பம் என்றால் படம் அதனுடன் வைத்த இணைப்பு. நீர் ஆழமும் நங்கூரம் பாய்ச்சும் இடமும் அவருக்கு உயிர்நாடி. நகரத்தின் தெருக்கள், இங்கே ஒழுங்கான குடியேற்றம் ஒன்று ஏற்கெனவே வேரூன்றிவிட்டது என்று லண்டன் ஆட்களுக்குக் காட்டும் அத்தாட்சி. கோணல்மாணலான கட்டங்களைக் காட்டி யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை. (டிராஃபால்கர் போரில் நெல்சன் ஏற்றிய புகழ்பெற்ற கொடிச் செய்தியும் இதே போப்பம் வகுத்த குறியீட்டில்தான் அமைந்தது. சுருக்கமாகச் சொல்வதிலும் நம்பும்படி சொல்வதிலும் அவர் கைதேர்ந்தவர்.)

படைத்துறைப் படங்களில் வரும் சாலைகளை எப்படிப் படிப்பது என்பதற்குப் பால்கன் பகுதி நல்ல ஒப்புமை தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவின் இராணுவப் புவியியல் நிறுவனம் அச்சிட்ட படங்களில் பால்கன் சாலைகள் தரம் பிரித்துக் காட்டப்பட்டன. வண்டி போகும் பாதை வேறு, பொதிகழுதை மட்டும் போகும் பாதை வேறு. பீரங்கி இழுத்துச் செல்ல முடியுமா என்பதே அந்தக் கண்ணின் முதல் கேள்வி. அந்தக் கண் பார்த்த சாலைகளோ மிகப் பழையவை. அட்ரியாட்டிக் கரையிலிருந்து கிழக்கே ஓடிய வியா எக்னாட்டியா கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமர் போட்ட வழி. ஓட்டோமான் காலத்துக் குதிரை மாற்றும் நிலையங்களும் அதே திசையில் நின்றன. அங்கே சாலை முந்தியது, படம் பிந்தியது. நம் பக்கத்திலும் ஜேம்ஸ் ரென்னல் 1778-ல் வெளியிட்ட வங்காள, பீகார்ச் சாலை விவர நூல் இந்த வகையைச் சேர்ந்ததே: மக்கள் நடந்து தேய்ந்த வழிகளைப் படை நடப்பதற்காகப் பட்டியலிட்டது.

பினாங்கில் இந்த வரிசை தலைகீழ். இங்கே கோடும் தெருவும் ஏறத்தாழ ஒன்றாகவே பிறந்தன. சில இடங்களில் கோடுதான் முதலில் வந்தது. ஆகவே பால்கன் படத்திடம் ‘இந்தச் சாலை எவ்வளவு பழையது’ என்று கேட்பதுபோல் போப்பம் படத்திடம் கேட்பது பொருந்தாது. ‘இந்தக் கோடு யாருக்காகப் போடப்பட்டது, யார் அதைத் தெருவாக்கினார்கள்’ என்று கேட்க வேண்டும்.

திசை இங்கேதான் உதவுகிறது. லைட் வகுத்த கட்டத்தில் தெருக்கள் இரண்டு பக்கமாக ஓடுகின்றன. கோட்டையும் திடலும் இருக்கும் வடக்கிலிருந்து தெற்கே இறங்குபவை ஒரு வகை: கிங் தெரு, குயின் தெரு, பினாங்குத் தெரு, பிட் தெரு. மேற்கிலிருந்து கடலை நோக்கி ஓடுபவை மற்றொரு வகை: பிஷப் தெரு, சர்ச் தெரு, சைனா தெரு, மார்க்கெட் தெரு, மலபார் தெரு. பெயர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். கோட்டைப் பக்கமிருந்து வரும் தெருக்களில் அரசனும் அரசியும் அன்றைய பிரதமர் வில்லியம் பிட்டும் இருக்கிறார்கள். கடலுக்குப் போகும் தெருக்களில் மக்கள் இருக்கிறார்கள். மலாய்த் தீபகற்பத்தின் கெடாவிலிருந்து வந்த யூரேசியக் கத்தோலிக்கரின் கோயில் இருந்ததால் சர்ச் தெரு. அவர்களோடு வந்த ஆயர் கார்னோவின் நினைவில் பிஷப் தெரு. சீனர் தெரு, சந்தைத் தெரு, மலபார் என்று எழுதப்பட்ட தமிழர் தெரு. எல்லையாக நிற்கும் லைட் தெருவும் கடற்கரைத் தெருவும் இந்தப் பாகுபாட்டில் அடங்காதவைதான். இருந்தாலும் நடுக்கட்டத்தில் இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குடியேறியவர்கள் நிலத்தை நோக்கி வரவில்லை. கப்பலிலிருந்து இறங்கி, மூட்டையைக் கரையேற்றி, கடை போட்டு, மறுபடி கப்பலுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பிழைப்பு கிழக்கு மேற்காக இருந்தது. ஆட்சிக்கு வடக்கு தெற்கு.

கடற்கரைத் தெருவில் இன்று நின்றால் கடல் தெரியாது. வங்கிக் கட்டடங்கள் மறைக்கின்றன என்பதல்ல காரணம், கடலே விலகிப்போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் கரையைத் தூர்த்து, 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பிரெடரிக் வெல்டின் பெயரில் வெல்ட் துறை எழுந்தது. அப்போது கிழக்கு மேற்குத் தெருக்கள் பலவும் புதுக் கரைவரை நீண்டன. நீண்ட துண்டுகளுக்கு வந்த பெயர் ‘காட்’: சர்ச் தெரு காட், சைனா தெரு காட், சூலியா தெரு காட். மலாய்ப் பெயர்ப் பலகையில் ‘காட் லெபு’ என்றிருப்பதும் இதுவே. காசியில் படித்துறையைக் குறிக்கும் சொல் வங்கக் கடலைத் தாண்டி வந்து இங்கே தெருவாகிவிட்டது. வடக்கு தெற்குத் தெரு எதற்கும் இப்படி ஒரு வால் முளைக்கவில்லை. நகரத்தின் வேலை எந்தத் திசையில் ஓடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று போப்பம் படத்தில் இல்லை. படத்துக்கு வெளியே இருக்கிறது.

மலபார் தெருவுக்கு வருவோம். மலபார் என்றால் இங்கே கேரளம் அன்று. ஐரோப்பியர் வாயில் அது தமிழரையும் தமிழையும் குறித்த சொல். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் நூலின் போர்த்துக்கீசியத் தலைப்பிலேயே மொழியின் பெயர் மலபார்த் தமிழ் என்றுதான் இருக்கிறது. ஆனால் தெருவின் பெயர் மலபாராக நிலைக்கவில்லை. சூலியா தெரு என்று மாறியது. சூலியா என்பது கெடாவிலும் மற்ற மலாய்த் துறைமுகங்களிலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகருக்கு வழங்கிய பெயர். சோழ நாட்டோடு தொடர்புள்ள சொல் என்பது பரவலான கருத்து. லைட் தாம் இறந்த ஆண்டில் எழுதிய கடிதத்தில், சூலியாக்கள் ஆயிரம் பேர்வரை நிலையாகக் குடியிருப்பதாகவும், ஒவ்வோர் ஆண்டும் கரையிலிருந்து வரும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவருவதாகவும், அவர்கள் சில காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, வேறு ஆட்கள் அவர்கள் இடத்துக்கு வருவதாகவும் கணக்கிட்டார். இவர்களில் பலர் கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் சொல்கிறார்.

அதாவது ஐரோப்பிய எழுதுகோல் ‘மலபார்’ என்று எழுதியது. துறைமுகத்து வாய் ‘சூலியா’ என்றது. கடைசியில் துறைமுகத்து வாய்தான் வென்றது. பினாங்கின் மற்றத் தெருக்களிலும் இந்த இழுபறியைக் காணலாம். சீனர் வழக்கில் தெருக்களுக்கு இருந்த பெயர்களை லோ மான் யுக் 1900-ல் ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் தொகுத்தார். அதைப் படித்தால், படத்தில் உள்ள பெயர்களை ஊரார் பெரும்பாலும் பொருட்படுத்தவே இல்லை என்பது விளங்கும். தெருவில் என்ன இருந்ததோ அதுவே அவர்களுக்குப் பெயர்.

சூலியா தெருவின் பெயர் வெறும் பேச்சு வழக்கில் மட்டும் தங்கிவிடவில்லை. 1801-ல் அதன் அருகே பிட் தெருவில் கப்பித்தான் கெலிங் (இந்தியர் தலைவர்) எனப்பட்ட காதர் முகைதீன் தலைமையில் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. இன்று பிட் தெருவே மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. குயின் தெருவில் 1833-ல் மாரியம்மன் கோயில் எழுந்தது. வரைபடத்தில் பிரதமர் ஒருவரின் பெயரைத் தாங்கிய தெரு கெலிங் தலைவர் ஒருவரின் பெயருக்கு மாறியதைப் போப்பம் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்!

படத்தில் இல்லாதவர்களும் உண்டு. முதலில் நிபோங் பனை மரங்களால் அடைத்திருந்த கோட்டையை 1804-ல் கல்லும் செங்கல்லுமாக மாற்றியவர்கள் இந்தியக் கைதிகள். அந்தமானில் இருந்த கைதிக் குடியேற்றம் 1796-ல் கைவிடப்பட்டபோது அங்கிருந்தவர்கள் பினாங்குக்கு மாற்றப்பட்டார்கள். தீவின் சாலைகளில் கல் பரப்பியதும் வடிகால் தோண்டியதும் பெருமளவு இவர்கள் கைதான். படைத்துறைப் படம் சாலையைக் காட்டும், போட்டவனைக் காட்டாது. வியன்னாப் படங்களுக்கும் இது பொருந்தும்.

போப்பம் கனவு கண்ட கடற்படைத் தளம் உருவாகவில்லை. 1805-ல் பினாங்கு இந்தியாவின் நான்காவது மாகாணமாக உயர்த்தப்பட்டு, கப்பல் கட்டும் தளம் வரும் என்ற நம்பிக்கையோடு பெருங்கூட்டமாக அதிகாரிகள் வந்திறங்கினார்கள். கப்பலுக்கு ஏற்ற மரம் தீவில் போதவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. விண்ணப்பம் தோற்றது. ஆனால் அதோடு இணைத்த படத்தின் தெருக்கள் தோற்கவில்லை. கப்பற்படைக்காக எடுத்துக்காட்டப்பட்ட அவற்றை மூட்டை தூக்கியவரும் கடைக்காரரும் தொங்கான்காரரும் பிற்பாடு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் தங்கள் வழிகளாக்கிக்கொண்டார்கள். பினாங்குத் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் வந்தன. அங்குள்ள கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு முந்தைய நாள் புறப்படும், 1894-ல் செய்துகொண்டுவந்த வெள்ளி ரதம், 1857-ல் குடமுழுக்குக் கண்ட தண்ணீர்மலைக் கோயிலை நோக்கி இன்றும் ஊர்கிறது. ரதத்தின் வழியைப் போப்பம் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் புறப்படும் இடம் மட்டுமே படத்துக்குள் இருக்கும். மிச்சமெல்லாம் அந்தப் படத்தின் கட்டத்துக்கு வெளியே.

2008 ஜூலை 7-ல் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுன் உலக மரபிடமானது. மையப் பகுதியின் 109.38 ஹெக்டேரில் லைட்டின் பழைய கட்டம் முழுமையாக அடங்குகிறது. அதே ஆண்டு முதல் அந்தத் தெருப் பலகைகள் சிலவற்றில் தமிழும் இடம்பெற்றது. அறிவிப்புப் பலகைகளிலும் வழிகாட்டி ஏடுகளிலும் போப்பம் படம் இன்றும் ‘1798-ல் நகரம்’ என்றே அச்சாகிறது. இனி எழுதுகிறவர்கள் அதை அப்படியே எடுத்தாளாமல், அளந்த காலமாக 1790-களின் தொடக்கத்தையும் வெளிவந்த காலமாக நூற்றாண்டின் இறுதியையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். தமிழ் ஆய்வாளர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு: படத்தில் ‘மலபார் தெரு’ என்று கண்டால், அடைப்புக்குறிக்குள் ‘இன்றைய சூலியா தெரு’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த ஒரு பெயர் மாற்றத்துக்கே தனிக் கட்டுரை தேவை. நாகூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கத்துக் கப்பல் கணக்குகளையும் பினாங்கின் நிலப் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால்தான் அது நிறைவுபெறும்.