கங்கா சூ: ஓடிய ஆறும் ஓடாத ஆறும்

மானசரோவருக்கும் அதன் மேற்கே கிடக்கும் ராட்சஸ்தாலுக்கும் இடையில் குறுகலான மேட்டுநிலம் ஒன்று உண்டு. அதனூடே இரு ஏரிகளையும் இணைத்துச் செல்லும் ஓடைக்குக் கங்கா சூ என்று பெயர். 1812இல் அங்கு சென்ற ஓர் ஆங்கிலேயர் அப்படி ஓர் ஓடையே இல்லை என்று எழுதினார். 1846இல் சென்ற மற்றோர் ஆங்கிலேயர் நூறடி அகலமும் மூன்றடி ஆழமும் கொண்ட ஆறு மேற்கு நோக்கி விரைந்து ஓடக் கண்டார். 1907இல் சென்ற சுவீடன் நாட்டவர் ஒருவர் வறண்ட படுகையைக் கண்டார். இம்மூன்று கூற்றுகளையும் புவியியலாளர்கள் நெடுங்காலம் ஒரு வழக்கைப் போலவே நடத்தினர்: யார் சொல்வது மெய், யார் கண் பிழைத்தது? மூவரும் தாம் கண்டதைத்தான் எழுதினர் என்பதும், மாறியது ஏரியே என்பதும் மெல்லத்தான் தெளிவாயின.

இவ்வழக்கின் ஆவணங்களில் பெரும்பகுதி கல்கத்தாவில் அச்சேறியவை. வில்லியம் மூர்கிராஃப்டின் பயணக் குறிப்பு ஆசியச் சங்கத்தின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ 12ஆம் தொகுதியில் வெளிவந்தது. ஹென்றி ஸ்ட்ரேச்சியின் நீண்ட கட்டுரை 1848இல் அச்சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கை மீண்டும் எடுத்த நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கடல்மட்டத்தை ஒட்டிய சதுப்பு நிலத்து நகரம் ஒன்று, 4,590 மீட்டர் உயரத்து ஏரியின் நீர்மட்ட வரலாற்றுக்குக் காப்பகமாக அமைந்தது விந்தைதான்.

மூர்கிராஃப்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பூசா குதிரைப் பண்ணையின் கண்காணிப்பாளர். சால்வைக் கம்பளி தரும் ஆடுகளைத் தேடியும், நல்ல குதிரைகளைத் தேடியும், கோசாயி வேடம் பூண்டு ஹியர்சியுடன் திபெத்துக்குள் நுழைந்தார். உடன் வந்தவர்களுள் இருவர் பண்டிதர்கள்: முதியவரான ஹர்பல்லப், இளையவரான ஹர்க் தேவ். ஹர்க் தேவின் வேலை காலடிகளை எண்ணித் தொலைவை அளப்பது. பிற்காலத்தில் நயின் சிங் போன்ற நில அளவைப் பண்டிதர்கள் புகழ்பெறக் காரணமான முறை, அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே காணப்படுகிறது. 1812 ஆகஸ்டு முதல் வாரத்தின் இறுதியில் மூர்கிராஃப்டு உடல்நலம் குன்றிய நிலையிலும் மேற்குக் கரையோரம் நடந்து பார்த்தார். வெளியேறும் நீர் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

அப்போது ஹர்பல்லப் சொன்ன சாட்சியம் முக்கியமானது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் தாம் அங்கு வந்தபோது ஏரியிலிருந்து ஓர் ஓடை ராட்சஸ்தாலுக்கு ஓடியதென்றும், அதைப் பாலத்தின் வழியே கடந்ததாகவும் அவர் உறுதியாகக் கூறினார். லடாக்கிலிருந்து வந்த பயணி ஒருவர், எட்டு ஆண்டுகளுக்கு முன்வரை அந்த ஓடை இருந்ததென்றும், பின்னர் வற்றித் தூர்ந்து போனதென்றும் சொன்னார். மூர்கிராஃப்டு நேர்மையானவர், தம் கண்ணுக்கு மாறான இவ்விரு கூற்றுகளையும் மறைக்காமல் பதிவு செய்தார். ஆனால் பின்னால் வந்தோர் ஐரோப்பியக் கண்ணையே பெரிதும் நம்பினர். ஒரு முதிய பண்டிதரின் நினைவு ‘சொல்லக் கேட்ட செய்தி’ என்ற தட்டில் வைக்கப்பட்டது.

இன்று நோக்கினால், அத்தொகுப்பிலேயே வலிமையான சான்று அந்த முதியவருடையதுதான். மூர்கிராஃப்டு சென்றது ஆகஸ்டில். ஸ்ட்ரேச்சி சென்றது அக்டோபரில். பருவமழையும் கோடை உருகலும் சேர்ந்து ஏரியை நிரப்புவதால், நீர்மட்டம் உச்சத்தைத் தொடுவது மழைக்காலத்தின் கடைசியிலும் அதை ஒட்டிய வாரங்களிலும்தான். எனவே ஆகஸ்டின் வறட்சியையும் அக்டோபரின் வெள்ளத்தையும் அப்படியே ஒப்பிட்டு, இடைப்பட்ட 34 ஆண்டுகளில் தட்பவெப்பம் ஈரமானது என்று சொல்லிவிட முடியாது. பாலத்தின் கதை வேறு. ஒரு பருவத்து நீருக்காக யாரும் பாலம் கட்டுவதில்லை. மரமே அரிதான அந்த மேட்டுநிலத்தில் பாலம் இருந்தது என்றால், ஆண்டுக்கணக்கில் கடப்பதற்கு இடையூறாக நீர் ஓடியிருக்க வேண்டும். பண்டிதரின் கூற்றில் தேதியை விடப் பாலம்தான் தரவு.

ஸ்ட்ரேச்சி, மூர்கிராஃப்டு ஓடையைக் காணத் தவறிவிட்டார் என்றே கருதினார். அவருடைய தம்பி ரிச்சர்டு 1848இல் சென்று அண்ணனின் கூற்றை உறுதிப்படுத்தினார். அத்துடன் வழக்கு முடிந்ததாகவே தோன்றியது. ஆனால் 1904இல் ரைடரும் ராலிங்கும் சென்றபோது ஓடையில் நீர் இல்லை. ஏரியின் மட்டம் ஓடைவாயை விடத் தாழ்ந்திருந்தது. 1907 கோடையில் ஸ்வென் ஹெடின் துணிப்படகில் ஏரியைச் சுற்றி ஆழம் பார்த்தார். ஏறத்தாழ 82 மீட்டர் ஆழம் வரை அளந்தார். ஓடைப் படுகையின் மிக உயர்ந்த இடம் ஏரிமட்டத்திலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே இருந்தது.

இங்கே ஏரியின் இயக்கத்தைச் சற்று விளக்குவது தேவை. வெளியேறும் வழியில்லாத ஏரி என்பது வரவும் செலவும் மட்டுமே உள்ள கணக்கு. மழையும் உருகுநீரும் வரவு, ஆவியாதல் செலவு. வரவு மிகுந்தால் ஏரி உயரும். உயர்ந்தால் பரப்பு விரியும். பரப்பு விரிந்தால் ஆவியாதல் கூடும். ஒரு மட்டத்தில் இரண்டும் சமமாகும். மானசரோவர் இக்கணக்கில் பாதி மட்டுமே அடங்குவது. மட்டம் ஓடைவாயின் உயரத்தை எட்டும்வரை அது மூடிய ஏரி. எட்டிய கணமே திறந்த ஏரி. அதற்கு மேல் வரும் நீர் சுமார் 15 மீட்டர் தாழ்வாக உள்ள ராட்சஸ்தாலுக்குள் இறங்கிவிடும். ஆகவே கங்கா சூ இயற்கையே அமைத்த ஓர் அளவுகோல். எத்தனை மீட்டர் என்று அது சொல்லாது. ஒரு கோட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். தமிழ்நாட்டு ஏரிகளின் கலிங்கை அறிந்தவர்க்கு இது புதிதல்ல. கலிங்கில் நீர் வழிந்த ஆண்டு, வழியாத ஆண்டு என்று ஊர் நினைவு வைத்திருப்பதைப் போலத்தான் ஹர்பல்லப்பும் நினைவு வைத்திருந்தார்.

நீரின் சுவையும் இதற்குச் சான்று. மூடிய ஏரியில் ஆறுகள் கொண்டுவரும் உப்பு போக வழியின்றித் தங்கிக்கொண்டே இருக்கும். மானசரோவர் இன்றும் நன்னீராக இருப்பதற்குக் காரணம், அது அவ்வப்போது வழிந்து உப்பைக் கழித்துக்கொள்வதே. நெடுங்காலம் முற்றிலும் மூடிக் கிடந்திருந்தால் இந்நீர் கரித்திருக்கும். கண்ட சாட்சிகள் இல்லாத நூற்றாண்டுகளுக்கும் அந்தச் சுவை சாட்சி சொல்கிறது.

ஹெடினின் வறண்ட படுகைக்கு அன்று எளிதான ஒரு விளக்கம் கையருகில் இருந்தது. 1904இல் பீட்டர் குரோபோட்கின், யூரேசியாவின் உட்பகுதி இடைவிடாமல் வறண்டு வருகிறது என்று எழுதினார். எல்ஸ்வர்த் ஹண்டிங்டன் 1906இல் பாங்கோங் ஏரியின் பழைய கரைவரிகளைப் பற்றி எழுதி, அடுத்த ஆண்டு வந்த நூலில் ஆசியப் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சியையே தட்பவெப்பத் துடிப்புகளோடு முடிச்சுப் போட்டார். கரைவரிகள் மெய், பேரரசுகளோடு போட்ட முடிச்சு அவசரமானது. ஹெடின் இந்தப் பொது ஓட்டத்தில் முழுவதும் இழுபட்டுவிடவில்லை. பழைய குறிப்புகளைத் திரட்டி, நீர் ஓடிய ஆண்டுகள், ஓடாத ஆண்டுகள் என்று வரிசைப்படுத்தினார். ஹர்பல்லப்பின் சாட்சியமும் லடாக்கியின் சாட்சியமும் அவ்வரிசையில் உரிய இடம் பெற்றன. அவர் கண்டது ஏற்ற இறக்கம். பருவமழை மிகும் ஆண்டுக்கூட்டங்களில் ஏரி வழிகிறது. குன்றும் கூட்டங்களில் மூடிக்கொள்கிறது.

இந்திய மழைப்பதிவுகளும் இதற்கு இசைகின்றன. 1899, 1901, 1904, 1905 ஆகியவை பருவமழை குன்றிய ஆண்டுகள். 1899இன் பஞ்சம் எல்லோரும் அறிந்தது. ஓடை வறண்டு காணப்பட்டது 1904க்கும் 1908க்கும் இடையில். சமவெளியின் மழை அப்படியே இமயத்துக்கு அப்பால் பெய்வதில்லை என்பதால் இதை மெய்ப்பிப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் ஏரி ஓர் ஆண்டின் மழையை அல்ல, பல ஆண்டுகளின் கூட்டுத்தொகையைக் காட்டுவது. தொடர்ந்து வந்த குறைவுகளுக்குப் பின் அது தாழ்ந்திருந்ததில் வியப்பில்லை.

உள்ளூரார் இதை வேறு மொழியில் முன்பே சொல்லியிருந்தனர். 1900இல் அங்கு சென்ற ஜப்பானியத் துறவி கவாகுச்சி, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமழையின்போது இரு ஏரிகளும் கலக்கும் என்றும், திபெத்தியர் அதைக் கணவன் மனைவியின் சந்திப்பாகக் கருதுவர் என்றும் கேட்டு எழுதினார். நீர் பாயும் திசையில் அவருக்குக் குழப்பம் உண்டு. கால இடைவெளி பற்றிய செய்தி புறக்கணிக்கத்தக்கதல்ல. அவருடைய நூலின் ஆங்கிலப் பதிப்பு 1909இல் சென்னை அடையாற்றில் வெளிவந்தது.

வழக்கு மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தது 1930களில். கோதாவரி மாவட்டத்தில் பிறந்த சுவாமி பிரணவானந்தர் 1928 முதல் மீண்டும் மீண்டும் மானசரோவருக்குச் சென்றார். 1936-37இல் ஏரிக்கரையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, நீர் உறைவதையும் பனிப்பாளம் பிளப்பதையும் நாட்குறிப்பாக எழுதினார். மூர்கிராஃப்டு சில நாட்களும் ஹெடின் சில வாரங்களும் கண்ட ஏரியை எல்லாப் பருவங்களிலும் கண்டவர் அவர். கங்கா சூவில் நீர் ஓடுவதையும் பதிவு செய்தார். அவருடைய ‘எக்ஸ்புளோரேஷன் இன் திபெத்’ நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1939இல் வெளியிட்டது. 1934 முதல் 1938 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் சியாமா பிரசாத் முகர்ஜி. அவர் குடும்பத்தின் இல்லம் பவானிபூரில், இன்று ஆசுதோஷ் முகர்ஜி சாலை எனப்படும் பழைய ரஸ்ஸா சாலையில் 77ஆம் எண் வீடு. அதே வீட்டைச் சேர்ந்த இளைய சகோதரர் உமாபிரசாத் முகோபாத்தியாய் வாழ்நாளெல்லாம் இமயத்தில் நடந்தவர். சம்பா மலைகளின் உயர்ந்த ஏரியின் பெயரைத் தாங்கிய ‘மணிமகேஷ்’ என்ற பயணநூலுக்காக 1971இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தந்தை ஆசுதோஷ் திரட்டிய 80,000க்கும் மேற்பட்ட நூல்கள் 1949இல் அலிப்பூர் தேசிய நூலகத்துக்குச் சென்றன. பக்தி இலக்கியம் என்று ஒதுக்கப்படும் வங்காளப் பயணநூல்களைத் தட்பவெப்ப வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஊன்றிப் படிக்கவில்லை. தேதி, இடம், ஓடையைக் கடந்த விதம் ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு யாத்திரிகரின் ஒற்றை வரியும் தரவாகும்.

1962க்குப் பின் இந்திய யாத்திரை நின்றது. 1981இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. 1990களின் பிற்பகுதியிலிருந்து திபெத்திய மேட்டுநிலத்தின் உட்பகுதி ஏரிகள் பெருகி வருகின்றன. சிலிங் ஏரி நாம் ஏரியை விடப் பெரிதாகிவிட்டது. முதன்மைக் காரணம் கூடிய மழை. பனியாறுகளின் உருகல் துணைக் காரணம். ஆனால் இமயத்தின் வடசரிவை ஒட்டிய ஏரிகள் பல இதற்கு மாறாகத் தாழ்ந்தன. 2003 முதல் 2009 வரையிலான லேசர் உயரமானி அளவீடுகளில் மானசரோவரும் சற்றே தாழ்ந்ததாகவே தெரிகிறது. வெப்பம் ஏறினால் பனி உருகி ஏரி நிரம்பும் என்ற எளிய சூத்திரம் இங்கே பொருந்தவில்லை. எந்த ஏரிக்கு எந்தக் காற்று மழை கொண்டுவருகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொன்றின் கணக்கும் அமைகிறது.

ஆனால் இந்த அளவீடுகளையும் பழைய சாட்சியங்களையும் நேரடியாக இணைக்க இயலாது. செயற்கைக்கோள் தருவது மட்டம். ஹர்பல்லப் முதல் பிரணவானந்தர் வரை தந்தது ஓடைவாய்க்கு மேலா கீழா என்ற செய்தி. இரண்டையும் இணைக்க ஓடைவாயின் உயரம் தெரிய வேண்டும். காற்று மணலைக் கொட்டி அதை உயர்த்துகிறது. நீர் ஓடும் ஆண்டுகள் அரித்துத் தாழ்த்துகின்றன. லடாக்கிப் பயணி சொன்ன ‘தூர்ந்து போனது’ என்ற சொல் அதைத்தான் குறிக்கிறது. சியூ மடாலயத்தின் அருகே இன்றும் ஓடையின் மேல் பாலம் உண்டு. 1981க்குப் பின் சென்ற யாத்திரிகர் அங்கே எடுத்த, தேதி குறித்த படம் ஒவ்வொன்றிலும் பாலத்தின் அடியில் நீர் இருக்கிறதா, மணல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.