போஷ் ட்ரெய்னிங் எங்கிருந்து வந்தது? பட்டேரியிலிருந்து திண்டுக்கல் வரை

இன்னைக்கு எடுத்துக்கிட்டது ஆபீஸ் சமாச்சாரம். வருஷத்துக்கு ஒரு தடவை மெயில் வரும்: "போஷ் ட்ரெய்னிங்கை மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும்." லிங்க்கைத் திறந்தா நாற்பது ஸ்லைடு, கடைசியில பத்துக் கேள்வி, எட்டு சரியா இருந்தா சர்டிஃபிகேட். ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடியோவை மியூட் பண்ணிட்டு இன்னொரு ஸ்க்ரீன்ல கோட் ரிவ்யூ பார்க்கிறவங்கதான் அதிகம். தேனாம்பேட்டையில எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஒரு ஜூனியர் பொண்ணு கேட்டாங்க: "இதை யாருண்ணா முதல்ல ஆரம்பிச்சு வெச்சது?" தேடிப் படிச்சதைச் சொல்றேன்.

நம்ம நாட்டைப் பொறுத்தவரைக்கும் கதை ஆரம்பிக்கிற இடம் ராஜஸ்தான்ல பட்டேரிங்கிற கிராமம். பன்வாரி தேவி அங்கே மாநில அரசோட பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்துல 'சாத்தின்', அதாவது ஊர் அளவிலான ஊழியர். 1985ல சேர்ந்தாங்க. குழந்தைத் திருமணத்தை எப்படித் தடுக்கிறது, வரதட்சணை பத்தி எப்படிப் பேசுறதுன்னு அவங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தாங்க. 1992ல ஒரு வயசுகூட ஆகாத குழந்தைக்கு நடக்க இருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனாங்க. அதுக்குப் பழிவாங்க செப்டம்பர் 22 அன்னிக்கு அவங்க மேல கூட்டுப் பாலியல் வன்முறை நடந்தது. 1995ல கீழ்க்கோர்ட் குற்றம் சாட்டப்பட்டவங்களைப் பாலியல் வன்முறைக் குற்றத்திலிருந்து விடுதலை பண்ணிருச்சு.

இதுல என்னை நிறுத்தின விஷயம் ஒண்ணு இருக்கு. பன்வாரி தேவி பயிற்சி பெற்ற ஊழியர். தன் வேலையைச் செஞ்சதுக்காகத்தான் தாக்கப்பட்டாங்க. ஆனா ஊழியர் தாக்கப்பட்டா வேலை கொடுத்தவர் என்ன செய்யணும்னு சொல்ற சட்டம் எதுவும் அப்போ இல்லை. இந்த ஓட்டையைத்தான் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துட்டுப் போனாங்க. அதுல ஒரு அமைப்போட பேர் விசாகா. நம்ம ஊர் செய்தியில இன்னமும் 'விசாகா கமிட்டி'ன்னு சொல்றோமே, அது அந்த அமைப்போட பேர்தான். பாதிக்கப்பட்ட பெண்ணோட பேர்னு நினைச்சுக்கிட்டிருக்கிறவங்க நிறைய பேர்.

1997 ஆகஸ்ட் 13ல தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. நாடாளுமன்றம் சட்டம் போடுற வரைக்கும் இந்த வழிகாட்டுதல்தான் சட்டம்னு சொன்னாங்க. எது பாலியல் தொல்லைங்கிற வரையறை, பெண் தலைமையில புகார்க் குழு, வெளியிலிருந்து ஒரு ஆள், ஊழியர்களுக்கு உரிமைகளைத் தெரியப்படுத்தணும்ங்கிற கடமை, எல்லாம் அதுலயே இருக்கு. அப்புறம் சட்டம் வர 16 வருஷம் ஆச்சு. 2013 டிசம்பர் 9 அன்னிக்குத்தான் அமலுக்கு வந்தது. பத்துப் பேர் வேலை செய்யுற எல்லா இடத்துலயும் உள்ளகக் குழு இருக்கணும். இல்லாட்டி 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அதைவிடச் சின்ன இடங்களுக்கும் வீட்டு வேலை செய்யுற அக்காக்களுக்கும் மாவட்ட அளவில உள்ளூர்க் குழு. (ஏஜி-டிஎம்எஸ் மெட்ரோவுல இறங்கினா தொழிலாளர் ஆணையர் அலுவலகம் பக்கத்துலயே இருக்கேன்னு அங்கே போயிடாதீங்க. அது வேற ரூட்.)

ட்ரெய்னிங் எங்கே வருது? பிரிவு 19ல. வேலை கொடுக்கிறவரோட கடமைகள் பட்டியல்ல, 'முறையான இடைவெளியில்' விழிப்புணர்வுப் பயிலரங்கம் நடத்தணும்னு இருக்கு. எத்தனை மணி நேரம், யார் எடுக்கணும், புரிஞ்சுதான்னு எப்படிப் பார்க்கிறது, எதுவும் இல்லை. எங்க பாஷையில சொன்னா, ஃபங்ஷன் பேரை மட்டும் டிக்ளேர் பண்ணிட்டு உள்ளே எழுதாம விட்ட மாதிரி.

அந்த வெற்றிடத்தை நிரப்பினது பெரும்பாலும் அமெரிக்கப் பாணி. அங்கே கதை வேற. 'செக்சுவல் ஹராஸ்மென்ட்'ங்கிற சொல்லே 1975ல கார்னெல் பல்கலைக்கழகப் பக்கம் பெண்கள் கூடிப் பேசினதுல இருந்துதான் பரவுச்சு. 1998 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபராகர், எல்லெர்த்னு ரெண்டு வழக்குல ஒரே நாள் தீர்ப்பு சொல்லுச்சு. சுருக்கமா: தொல்லையைத் தடுக்க கம்பெனி நியாயமான முயற்சி எடுத்தது, புகார் வழி இருந்தும் அந்த ஊழியர் பயன்படுத்தலைன்னு நிரூபிச்சா, சில சூழ்நிலைகள்ல கம்பெனி தப்பிக்கலாம். அவ்வளவுதான், முயற்சி எடுத்தோம்ங்கிறதுக்கு ஆதாரமா ட்ரெய்னிங் ஒரு பெரிய தொழிலா வளர்ந்துருச்சு. சர்டிஃபிகேட், டைம்ஸ்டாம்ப், கையெழுத்து எல்லாம் வக்கீலுக்குத் தேவையானவை. அந்த நாட்டு சம வேலைவாய்ப்பு ஆணையத்தோட குழுவே 2016 அறிக்கையில, முப்பது வருஷமா நடந்த ட்ரெய்னிங்ல பெரும்பகுதி தடுப்புக் கருவியா வேலை செய்யலை, சட்டப் பொறுப்பைத் தவிர்க்கிறதுலயே குறியா இருந்துச்சுன்னு எழுதுச்சு.

நம்ம ஆபீஸ் ஸ்லைடுகளைப் பார்த்தா அந்த வாசனை தெரியும். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, பொய்ப் புகார் கொடுத்தா என்ன ஆகும்ங்கிற ஸ்லைடுதான் ரொம்ப நீளம். குழுவுல யார் யார் இருக்காங்கங்கிறது ஒரே வரி, அதுவும் ரெண்டு பேர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போனவங்க.

சரி, சென்னைக்கு வருவோம். 2025 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆர்.என். மஞ்சுளா சொன்ன தீர்ப்பு, எந்த ஸ்லைடைவிடவும் நல்ல பாடம்னு நினைக்கிறேன். எச்.சி.எல். டெக்னாலஜீஸ் வழக்கு. மேலதிகாரி ஒருத்தர் மேல மூணு பெண்கள் புகார். நாற்காலிக்குப் பின்னாடி ரொம்ப நெருக்கமா வந்து நிற்கிறார், தோளைத் தொடுறார், கை குலுக்கச் சொல்லி வற்புறுத்துறார். உள்ளகக் குழு விசாரிச்சு ரெண்டு வருஷம் இன்க்ரிமென்ட் கட், மேற்பார்வை இல்லாத வேலைன்னு பரிந்துரைச்சுது. அவர் தொழிலாளர் நீதிமன்றம் போனார். 2019ல குழுவோட முடிவு ரத்தாச்சு. சூப்பர்வைசர்னா பின்னாடி நின்னுதானே வேலையைப் பார்க்கணும், தப்பான நோக்கம் இல்லைன்னு அவர் வாதம். உயர் நீதிமன்றம் இதை ஏத்துக்கலை. விரும்பத்தகாத நடத்தை விரும்பத்தகாததுதான், செஞ்சவர் என்ன நினைச்சார்ங்கிறதைவிட அது எதிர்ல இருக்கிறவரால எப்படி உணரப்பட்டதுங்கிறதுதான் முக்கியம்னு சொல்லி குழுவோட முடிவை மீட்டுக் கொடுத்துச்சு.

"நான் ஜாலியாத்தானே சொன்னேன்"னு கேட்காத டீம் இருக்கா? அந்த வாக்கியத்துக்கு நேரடி பதில் இது. ஆனா கவனிங்க, புகார் கொடுத்த பெண்கள் இந்தப் பதிலுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தாங்கன்னு.

இனி திண்டுக்கல். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் படிக்கக் கஷ்டமா இருந்த பகுதியும் இதுதான். 2021 ஜனவரியில, நாச்சி அப்பேரல் ஆலையில தையல் வேலை செஞ்ச தலித் பெண் கொலை செய்யப்பட்டார். சூப்பர்வைசர் கைதானார். அவர் உறுப்பினரா இருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள் தலைமையில நடக்கிற சங்கம், விடலை. துணி வாங்குற வெளிநாட்டு பிராண்டுகள் வரைக்கும் போனாங்க. 2022 ஏப்ரல்ல 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. ஆலையோட தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், சங்கம், ஆசிய அளவிலான தொழிலாளர் அமைப்பு ஒருபக்கம். எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். இன்னொரு பக்கம்.

இங்கேயும் ட்ரெய்னிங் இருக்கு. தொழிலாளி, சூப்பர்வைசர், மேனேஜர் எல்லாருக்கும். ஆனா சங்கமும் அதுல பங்கெடுக்குது. 25 பேருக்கு ஒருத்தர்னு தளத்துலயே கண்காணிப்பாளர்கள். சங்கம் தேர்ந்தெடுக்கிற, பக்கத்து மெஷின்ல தைக்கிற அக்காதான் அவங்க. சூப்பர்வைசர் கத்துறாரா, சாதி சொல்லித் திட்டுறாரா, கையைப் பிடிக்கிறாரா, அவங்க அன்னிக்கே எடுத்துச் சொல்லலாம். சொன்னதுக்காகப் பழிவாங்கக் கூடாதுன்னு எழுத்துல இருக்கு. கம்பெனி ஒப்பந்தத்தை மீறினா பிராண்டு ஆர்டர் விஷயத்துல நடவடிக்கை எடுக்கணும். ஆர்டர்தான் ஆலைக்கு வலிக்கிற இடம்.

ஐ.டி.யில இதை அப்படியே காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. நம்மள்ல பாதிப் பேருக்கு மேல சங்கத்தோட வாசலையே பார்த்ததில்லை. ஆனா ஒரு சின்ன வேலை பண்ணலாம். பிரிவு 19 படி, குழு உறுப்பினர்களை நியமிச்ச உத்தரவை ஆபீஸ்ல கண்ணுக்குத் தெரியுற இடத்துல ஒட்டணும். நாளைக்கு லிஃப்ட்டுக்குப் பக்கத்துல பாருங்க. அதுல இருக்கிற வெளி உறுப்பினர் யார், அவர் உங்க ஆபீஸுக்கு எப்பவாவது வந்திருக்காரான்னு எச்.ஆர்.கிட்ட கேளுங்க. என்ன பதில் வந்ததுன்னு பேர் போடாம எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.