புருஷாஸ்கி: மலைகளுக்கிடையே ஒரு தனிமொழி பதிவான வரலாறு

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயத்தில் (30:22) எடுத்துரைக்கின்றான். அத்தகைய அத்தாட்சி ஒன்று பாகிஸ்தானின் வடகோடியில், காரகோரம் மலைத்தொடரின் மடியில் இன்றும் பேசப்பட்டு வருகின்றது. ஹுன்ஸா, நகர், யாசீன் ஆகிய பள்ளத்தாக்குகளில் வாழும் புருஷோ முஸ்லிம்களின் தாய்மொழியான புருஷாஸ்கியே அது. அதைப் பேசுவோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அண்டையில் வழங்கும் ஷினாவும் கோவாரும் இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பல்தி திபெத்திய மொழிகளின் உறவு. புருஷாஸ்கிக்கோ, ஐயமின்றி நிறுவப்பட்ட உறவுமொழி உலகில் எதுவும் இல்லை.

சொந்தம் சொல்லாமல் தாய் இல்லை

இம்மொழியின் இலக்கணம் வியப்பூட்டுவது. உறவுப் பெயர்களையும் உடலுறுப்புப் பெயர்களையும் அங்கே தனியே நிறுத்திச் சொல்ல இயலாது. யாருடையது என்பதைக் காட்டும் முன்னொட்டு அவற்றோடு சேர்ந்தே வரவேண்டும். ‘அமி’ என்றால் என் தாய். ‘குமி’ உன் தாய். ‘இமி’ அவனுடைய தாய். ‘முமி’ அவளுடைய தாய். யாருக்கும் உரியவளல்லாத வெறும் ‘தாய்’ அம்மொழியின் இயல்பான பேச்சில் இல்லை. எந்தை, நுந்தை, தந்தை எனப் பழந்தமிழில் வழங்கிய சொற்களை அறிந்தவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

பெயர்ச்சொற்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிகின்றன. ஆண்மக்கள், பெண்மக்கள் என இரண்டு. விலங்குகளும் எண்ணத்தக்க பொருள்களும் மூன்றாவது. நீர்மங்கள், கருத்துகள் முதலியன நான்காவது. ‘பால்த்’ என்னும் ஒரே சொல் மூன்றாம் வகுப்பில் ஆப்பிள் பழத்தைக் குறிக்கும். நான்காம் வகுப்பில் ஆப்பிள் மரத்தைக் குறிக்கும். எண்ணும் முறை இருபதை அடியாகக் கொண்டது. இருபது ‘அல்தர்’, நாற்பது ‘அல்தோ-அல்தர்’, அதாவது இரண்டு இருபதுகள்.

எழுதியவர்களும் சொன்னவர்களும்

இத்தகைய மொழி நெடுங்காலம் எழுத்து மரபின்றியே வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைக் குறித்துவைத்த தொடக்க அறிஞர்களுள் ஒருவர் லைட்னர். லாகூர் அரசுக் கல்லூரியின் முதல் முதல்வராக இருந்தவரும், 1889-இல் இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் ஷாஜஹான் பள்ளிவாசலைக் கட்டுவித்தவரும் இவரே. அவ்வாண்டிலேயே ஹுன்ஸா, நகர் பற்றிய அவரது கையேடும் வெளிவந்தது.

முழுமையான பதிவைச் செய்தவர் லோரிமர். 1920 முதல் 1924 வரை கில்கித்தில் ஆங்கிலேய அரசின் அரசியல் அதிகாரியாக இருந்த அவர், பணி ஓய்வுக்குப் பின் 1934-இல் மனைவி எமிலியுடன் ஹுன்ஸாவுக்குத் திரும்பி வந்து, அலியாபாத் கிராமத்தில் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கினார். 1935 முதல் 1938 வரை ஒஸ்லோவில் அவரது நூல் மூன்று தொகுதிகளாக அச்சேறியது: முதலாவது இலக்கணம், இரண்டாவது கதைகளும் உரைகளும், மூன்றாவது சொற்களஞ்சியம்.

இரண்டாம் தொகுதி இல்லையேல் முதலாம் தொகுதி உயிரற்ற சட்டகமாகவே நின்றிருக்கும். மக்கள் கதை சொல்லும்போதுதான் மொழியின் விதிகள் இயல்பாக வெளிப்படுகின்றன. லோரிமருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஹுன்ஸாவைச் சேர்ந்த ஜமேதார் இமாம் யார் பேக். திபெத்திலும் லடாக்கிலும் கேசர் என்று போற்றப்படும் வீரனின் நெடுங்கதை, ஹுன்ஸாவில் கிசர் என்னும் பெயரால் வழங்கியது. அந்த வாய்மொழி வடிவத்தை லோரிமர் 1931-இல் உலகறியச் செய்தார். பௌத்த நாடுகளில் பிறந்த கதையை, இஸ்லாத்தைத் தழுவிய மலைவாசிகள் தம் மொழியிலே பேணி வைத்திருந்தனர். நூலின் முகப்பில் இருப்பது லோரிமரின் பெயர். நூலின் உள்ளே ஒலிப்பது சொன்னவர்களின் நாவு.

பின்னர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் பெர்கர், 1974-இல் யாசீன் வழக்கையும் 1998-இல் ஹுன்ஸா, நகர் வழக்குகளையும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

தம் மொழியைத் தாமே எழுதியோர்

அந்நியர் எழுதியதோடு வரலாறு நின்றுவிடவில்லை. ஹுன்ஸாவிலே 1917-இல் பிறந்த அல்லாமா நசீருத்தீன் நசீர் ஹுன்ஸாயி, உருது எழுத்துகளோடு புதிய குறியீடுகளைச் சேர்த்துத் தம் மொழிக்கு எழுத்துமுறை வகுத்தார். இறைப்புகழ்ச்சியும் ஞானமும் நிறைந்த கவிதைகளை அம்மொழியிலே இயற்றினார். புருஷாஸ்கியில் முதன்முதலாகக் கவிதைத் தொகுப்பு தந்தவர் என அவரை அம்மக்கள் போற்றுகின்றனர். அவர் முயற்சியால் புருஷாஸ்கி-உருது அகராதி 2006 முதல் மூன்று தொகுதிகளாகக் கராச்சிப் பல்கலைக்கழகத்தின் துணையோடு வெளிவந்தது. 2017-இல் அவர் மறைந்தார்.

எல்லைக்கு இப்பாலும் ஒரு சிறு கிளை உண்டு. 1891-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் நகர் பகுதியிலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள், ஏறத்தாழ முந்நூறு பேர், ஸ்ரீநகரில் வாழ்கின்றனர். காஷ்மீரியும் உருதும் சூழ நின்று மாறுதலடைந்த அவர்களுடைய வழக்கை, காஷ்மீரைச் சேர்ந்த மொழியியலாளர் சதஃப் முன்ஷி ஆராய்ந்து பதிவுசெய்துள்ளார்.

எஞ்சியிருக்கும் பொறுப்பு

யுனெஸ்கோ இம்மொழியை ஊறுபடத்தக்க மொழிகளின் வரிசையில் வைத்துள்ளது. பள்ளிக்கூடமும் அலுவலகமும் உருதையும் ஆங்கிலத்தையும் வேண்டுகின்றன. பிழைப்புக்காக நகரங்களுக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அம்மொழிகளே நாளும் செவியில் விழுகின்றன. அவற்றைக் கற்பதில் குற்றமில்லை. ஆயின், ‘அமி’ என்று அழைக்கும் பிள்ளை வீட்டில் இல்லாது போனால், மூன்று தொகுதி அகராதியும் அச்சொல்லைச் சுமந்து நிற்குமேயன்றிப் பேசாது. அறிஞர்கள் தம் கடமையைச் செய்துவிட்டனர். எஞ்சியது, முதியோர் சொல்வதும் பிள்ளைகள் கேட்பதுமே. மொழிகளைத் தன் அத்தாட்சியாக்கிய இறைவன், அம்மலைக் குடும்பங்களின் நாவில் இதனை நிலைபெறச் செய்வானாக.