சக மாணவர் பின்னூட்டமும் தன்மதிப்பீடும்

சக மாணவர் பின்னூட்டம் என்பது ஒரு மாணவரின் கட்டுரை, ஆய்வக அறிக்கை, கருத்தரங்க உரை முதலியவற்றை அவருடன் பயில்வோர் ஆராய்ந்து நிறைகுறைகளை எடுத்துக் கூறுவதாகும். முன்னரே வகுத்த அளவுகோல்களின்படி தன் பணியைத் தானே ஆராய்வது தன்மதிப்பீடு எனப்படும். இவை ஆசிரியரின் மதிப்பீட்டுக்கு மாற்று அல்ல. பிழையைத் திருத்தக் காலம் இருக்கும்போதே கிடைப்பது இவற்றின் முதன்மைப் பயன் ஆகும்.

தமிழ்நாட்டு மரபு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்கும் முறையை விரிவாகக் கூறுகிறது. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும் என்பது அதன் கருத்து. கேட்டவற்றை மீண்டும் சிந்தித்தலும், வினாவுதலும், விடை கூறுதலும் மாணவர் கடமைகளாக அங்கு குறிக்கப்படுகின்றன.

திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சென்னையில் இத்தகைய பள்ளியைக் கண்ட ஆண்ட்ரூ பெல், தாம் நடத்திய எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தில் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்ட இம்முறை 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. எனினும் சட்டாம்பிள்ளை அதிகாரம் உடையவர். சக மாணவர் பின்னூட்டமோ சமநிலையில் உள்ளோரிடையே நிகழ்வது.

கடலூர், சிதம்பரம்

சிதம்பரத்தில் 1920இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாயிற்று. விடுதிகளில் தங்கிப் பயிலும் மாணவர்கள் கூடிப் படிப்பது எளிது. 1979இல் தொடங்கிய தொலைதூரக் கல்வியின் மாணவர் நிலை வேறு. ஆசிரியரைச் சில நாட்களே காணும் அவர்களுக்குத் தேர்வு முடிவில் மதிப்பெண் தெரியுமே தவிர, எங்கே தவறினோம் என்பது பெரும்பாலும் தெரியாது. ஒரே ஊரில் வாழும் மூவர் பழைய வினாத்தாளுக்கு விடை எழுதி, மாற்றிப் படித்துத் திருத்துவது இக்குறையை ஓரளவு நீக்கும்.

ஆய்வு முடிவுகள்

பால்சிகோவ், கோல்டுபிஞ்சு ஆகியோர் 2000இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அளவுகோல்கள் தெளிவாக இருந்து, பணியை முழுமையாக நோக்கும்போது, சக மாணவர் மதிப்பீடு ஆசிரியர் மதிப்பீட்டுடன் பெரிதும் ஒத்திருந்தது. தன்மதிப்பீட்டைப் பற்றி 1989இல் வெளியான தொகுப்பாய்வு, உயர்நிலைப் பாடங்களைப் பயில்வோர் தம்மைக் கூடுதல் துல்லியமாக மதிப்பிட்டதைக் காட்டியது. திறன் குறைந்தோர் தம்மை மிகையாக மதிப்பிடுவதை 1999இல் குரூகர், டன்னிங் ஆகியோர் எடுத்துக்காட்டினர். எனவே தன்மதிப்பீட்டைப் பிறர் கருத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

குறைபாடுகளும் தீர்வுகளும்

* நட்பு கருதிப் புகழ்தல், போட்டியால் குறைத்துக் கூறுதல்: பெயரை மறைத்து விடைகளை மாற்றிக் கொடுத்தல் உதவும்.
* பயனற்ற பொதுக்கருத்து: 'நன்று' என்பதைவிட, 'இரண்டாம் பத்தியின் கூற்றுக்குச் சான்று இல்லை' என்பது பயன் தரும்.
* மதிப்பெண் அச்சம்: தொடக்கத்தில் மதிப்பெண் இன்றிக் கருத்து மட்டும் கூறுதல் நன்று.
* தவறான திருத்தம்: ஐயம் எழுந்தால் பாடநூலையோ ஆசிரியரையோ நாடுதல் வேண்டும்.

பின்னூட்டம் பெறுபவரைப் போலவே அளிப்பவரும் பயனடைகிறார். பிறர் விடையில் பிழை காணப் பழகியவருக்குத் தம் விடையின் பிழையும் எளிதில் புலப்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* நன்னூல்
* திண்ணைப் பள்ளி
* அண்ணாமலைப் பல்கலைக்கழகம்