ராமானுஜன் தவறவிட்ட எண்

கணிதமேதை ராமானுஜன் என்றதும் எல்லோருக்கும் 1729 தான் ஞாபகம் வரும். அவர் வரலாற்றில் இன்னொரு எண்ணும் உண்டு. அது 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600!

முதலில் சின்ன எண் ஒன்றைப் பார்ப்போம். வல்லக்கோட்டை, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 60 உதிரிபாகங்களை மீதமில்லாமல் பெட்டிகளில் அடுக்க வேண்டும். பெட்டிக்கு 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்று 12 விதமாக அடுக்கலாம். 61 பாகங்கள் என்றால் இரண்டே வழிதான். 60க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்ணை 'உயர் பகு எண்' எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகும்.

கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தோற்று, 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தாவாக இருந்தவர் ராமானுஜன். 1914 மார்ச் 17ல் கப்பலேறினார். மறு ஆண்டே இந்த எண்களைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதற்காகவே 1916ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது.

இந்த எண்களைப் பகா எண்களாகப் பிரித்தால், பெரிய பகா எண்ணுக்குப் போகப் போக அடுக்கு கூடாது. கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். 4, 36 இரண்டும் மட்டும் விதிவிலக்கு. இதை நிறுவி, 6746328388800 வரை நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கையாலேயே கணக்கிட்டுப் பட்டியலிட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம்!

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டது. அதுதான் 293318625600. அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வருகின்றன. காரணிகள் 5040. அந்த 5040ம் உயர் பகு எண்தான், அதற்கு 60 காரணிகள். 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. எல்லாமே உயர் பகு எண்கள்! இன்னொரு வேடிக்கை, விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடும்.

கட்டுரையிலும் ஒரு பகுதி விடுபட்டது. முதல் உலகப்போர் நேரத்துப் பண நெருக்கடியால் லண்டன் கணிதச் சங்கம் அதை முழுதாக அச்சிடவில்லை. 1920ல் ராமானுஜன் மறைந்தார். மீதிப் பகுதி 1997ல்தான் அச்சேறியது.

விடுபட்ட எண்ணும் அவர் நிறுவிய விதிக்கு அப்படியே கட்டுப்படுகிறது. நேரம் கிடைத்தால் 120க்கு எத்தனை காரணிகள் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். 12 இலக்க எண்ணுக்கு அவர் பட்ட பாடு புரியும்.